ஆள் எண்ணும் சுவர்

வெடிமருந்துக் கிடங்கு வெடித்தால் எந்தப் பக்கமாக வெடிக்க வேண்டும் என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. நான்கு பக்கமும் வெடிக்கும், மேலேயும் வெடிக்கும், அவ்வளவுதான். அதனால் கிடங்கைச் சுற்றி ஊர் ஊராகக் காலி செய்து வைப்பார்கள். நான்தான் அதற்கு ஒரு திசையைக் கொடுத்தேன். டெல்லியில் இதை விளக்கியபோது சீருடைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. தலைகால் புரியவில்லை.

என் பெயர் திருமாறன். கட்டடப் பொறியாளன். இந்தக் கதையில் கெட்டவன் யார் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நான்தான். எப்படி என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தக் கூட்டத்தில் வயதான ஜெனரல் ஒருவர் மட்டும் கை தட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

“நாலு சுவர்ல மூணு தாங்கும், ஒண்ணு திறக்கும்னு சொல்றீங்க. எது திறக்கணும்னு யார் முடிவு பண்றது?”

“கட்டடமே முடிவு பண்ணும் சார். நாலு பக்கமும் கேமரா இருக்கு. எந்தப் பக்கம் எத்தனை ஆள் நிக்கறாங்கன்னு அது எண்ணிக்கிட்டே இருக்கும். உள்ளே வெடிக்கிற நொடியில, எந்தப் பக்கம் ஆள் குறைவோ அந்தச் சுவரோட தாழ்ப்பாள் கழண்டுக்கும். மொத்த வேகமும் அந்த வழியா வெளியே போயிடும்.”

“மனுஷன் குறுக்கிட்டு மாத்த முடியாதா?”

“முடியாது சார். வேணும்னேதான் அப்படி வெச்சிருக்கேன். மனுஷன் கையில பொத்தானைக் கொடுத்தா அவன் தன் பக்கத்தைத்தான் காப்பாத்திக்குவான்.”

ஜெனரல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “நியாயமான பயம்தான்” என்றார். அன்றைக்கே ஒப்புதல் கிடைத்துவிட்டது.

முதல் கிடங்கைக் கடலூர்ப் பக்கம், செம்மேடு என்ற ஊரில் கட்டினோம். செம்மண் பூமி. கண்ணுக்கு எட்டிய வரை முந்திரி. பழைய முறையில் கட்டியிருந்தால் இரண்டாயிரத்து நானூறு ஏக்கரைக் காலி செய்திருக்க வேண்டும். என் முறைக்கு அறுநூறு போதும். மிச்சம் ஆயிரத்து எண்ணூறு ஏக்கரையும் சொந்தக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஊரே திரண்டு வந்து எனக்கு மாலை போட்டது. பட்டாளத்துக்காரனுக்கு வேலை செய்கிறவனுக்கு ஜனங்கள் மாலை போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அன்று அழுதுவிட்டேன்.

கிடங்கின் வடக்கே சரக்கேற்றும் இடம். பகலில் அறுபது பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். தெற்கே மற்ற வெடிமருந்து அறைகள். அந்தப் பக்கம் திறந்தால் ஒன்றைத் தொட்டு ஒன்றாக எல்லாமே வெடித்துவிடும் என்பதால் தெற்குச் சுவருக்குத் தாழ்ப்பாளே வைக்கவில்லை. மேற்கே எண்பது மீட்டரில் கட்டுப்பாட்டு அறை. அதில் நான்கு பேர்.

கிழக்கேதான் சிக்கல். அங்கே அறுபது ஏக்கர் முந்திரிக் கொல்லை, பதினேழு குடும்பங்களுக்குச் சொந்தம். அதை ஆளில்லா வளையம் என்று அறிவித்தார்கள். ஐந்து வருடம் அதற்குள் ஆள் யாரும் நுழையவில்லை என்று கேமராக் கணக்கு காட்டினால், வளையத்தைச் சுருக்கிக் கொல்லையை அவர்களுக்கே நிரந்தரமாக விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு ஆள் கணக்கில் ஏறினாலும் அரசாங்கம் மொத்தமாக எடுத்து வேலி போட்டுவிடும். யார் யோசித்த விதியோ தெரியாது. ஐந்து வருடம் கொல்லைக்குள் கால் வைக்காமல் அந்தக் குடும்பங்கள் எதைத் தின்னும் என்று அந்தப் புண்ணியவான் யோசித்திருக்கமாட்டார்.

கிடங்கு திறந்த முதல் வருடம், பங்குனி மாதம், திரையில் இப்படிக் காட்டியது. கிழக்கு: ஆள் 0, ஆடு 19. மறுநாளும் ஆடு 19. அதற்கு மறுநாளும் அதேதான். ஆடுகள் இப்படி ஒழுங்காக வருமா என்று எனக்குச் சந்தேகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆடுகள் வரிசையாக நகர்ந்தன. ஒவ்வொரு ஆட்டுக்கும் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது.

நான் எல்லைக் கரையில் ஏறிப் பார்த்தபோது பத்தொன்பது பெண்கள் கரையோர மரத்தடிகளில் குனிந்து கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முந்திரிக் கொட்டையைக் குனிந்துதான் பொறுக்க முடியும். பழம் தானாக உதிர்ந்து சருகுக்குள் கிடக்கும். ஒரு கையைத் தரையில் ஊன்றி மறு கையால் பொறுக்கிக்கொண்டே போவார்கள். மேலே கம்பத்திலிருந்து பார்க்கும் இயந்திரத்துக்கு அது நாலு கால் பிராணி. குனிந்த மனிதர்களை நான் அதற்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை. சென்னையில் என் அலுவலக வாசலில் நடந்து போனவர்களை வைத்துத்தான் அதற்கு ஆள் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்திருந்தேன். அங்கே யாரும் குனிந்து நடக்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவர்கள் ஓடவில்லை. முன்னால் இருந்தவர் குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கினார். ஐம்பது வயதிருக்கும். கொட்டைப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அவர்தான் ராசகிளி. பதினேழு குடும்பத்துக்கும் அவர் சொன்னதுதான் பேச்சு.

“சார், நீங்களும் கொஞ்சம் குனிஞ்சிக்குங்க” என்றார். “ஆளுன்னு காட்டிடப் போவுது.”

நான் குனிந்தேன். எங்கள் முதல் பேச்சே இரண்டு பேரும் மண்ணில் கை ஊன்றிக்கொண்டு நடந்தது.

“ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும், இது ஆடுன்னு காட்டுதுன்னு?”

“கேட்டுல இருக்குற காவக்காரப் புள்ளதான் சொல்லுச்சு. இன்னா அத்தை, இன்னைக்கு ஒங்க கொல்லையில பத்தொம்பது ஆடுன்னு. நான் திடுக்குன்னு போயிட்டேன். நம்ம கொல்லையில ஏது ஆடு? அப்பறந்தான் புரிஞ்சுது.”

“அக்கா, இது தப்பு. நான் திருத்தணும். இது ஆளை எண்ணித்தான் சுவரைத் திறக்கும். நீங்க எல்லாம் ஆடுன்னு காட்டினா, உள்ள ஏதாவது வெடிச்சா ஒங்க பக்கந்தான் திறக்கும். புரியுதா?”

“புரியுது. ஆளுன்னு காட்டுனா?”

“இந்தப் பக்கம் திறக்காது. ஆனா கொல்லை போயிடும்.”

ராசகிளி ஒரு கொட்டையைப் பழத்திலிருந்து திருகி வாளியில் போட்டார்.

“அது எப்ப சார் வெடிக்கும்?”

“வெடிக்கவே வெடிக்காது. நூறு வருஷத்துல ஒரு தடவை நடக்கலாம். அவ்வளவு கவனமாத்தான் வெச்சிருக்கோம்.”

“வெடி நூறு வருஷத்துக்கு ஒருக்கா. சோறு தெனைக்கும் வேணுமே சார்.” வாளியை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். “ஆடுன்னே இருந்துட்டுப் போறோம். ஆடுன்னா இன்னா கேவலமா? அஞ்சு வருஷந்தான? நீங்க திருத்த வாணாம். ஒங்க கால்ல வுழறேன்.”

அவர் காலில் விழ வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே தரையில்தான் இருந்தார். நான் சரி என்றேன். இரக்கத்தால் சொன்னேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மாலை போட்ட ஊரில் மாலையைக் கழற்றிக்கொள்ள மனம் வரவில்லை என்பதும் உண்மை.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன். ஒருவர் பத்து நொடிக்கு மேல் நிமிர்ந்து நின்றால்தான் மாதக் கணக்கில் ஆள் என்று ஏறும். அதற்குள் குனிந்துவிட்டால் ஏறாது. திரையில் மட்டும் வந்துவிட்டுப் போய்விடும். சுவர் பார்ப்பது திரைக் கணக்கை, அரசாங்கம் பார்ப்பது மாதக் கணக்கை. இதைக் கேட்டதும் ராசகிளிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்தக் கொல்லையில் ஒரு வழக்கம் வந்தது. எல்லைக் கரையிலேயே எல்லாரும் குனிந்துகொள்வார்கள். குனிந்தே உள்ளே வருவார்கள், குனிந்தே திரும்புவார்கள். இடுப்பு விட்டுப்போனால் ஒருத்தி “எந்திரிக்கிறேன்” என்பாள். மற்றவர்கள் கோரஸாக எண்ணுவார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. எட்டு வந்ததும் அவள் சட்டென்று மடங்கிவிடுவாள். தண்ணீர் குடிப்பதும் எட்டுக்குள். தலைமுடியை அள்ளி முடிவதும் எட்டுக்குள். அந்த எட்டு நொடிக்குள் ஒருத்தி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து முகத்தை வானத்துக்குக் காட்டுவதைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் நானும் கூடவே எண்ணுவேன். ஆள் 1 என்று வரும். பிறகு 0 ஆகிவிடும்.

கிடங்குப் பொறுப்பாளர் கர்னல் தேவசகாயத்துக்கு இது தெரியும். நாகர்கோவில்காரர். தெரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “ஆடுக நல்லா மேயுது போல, கேட்டியா” என்று மட்டும் சிரிப்பார். கணக்கில் கிழக்கு பூஜ்யமாக இருக்கும் வரை அவருக்கும் பதக்கம் உறுதி.

ஐந்தாவது வருடம் வரை எதுவும் நடக்கவில்லை. ராசகிளியின் மகள் வெண்ணிலா மட்டும் முரண்டு பிடித்தாள். பண்ருட்டியில் கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் அம்மாவோடு கொட்டை பொறுக்க வந்தவள். வைகாசி கடைசி வாரம் என்னை எல்லைக் கரையில் மடக்கினாள்.

“சார், எங்கம்மாவுக்கு இப்ப வீட்லயும் நிமிர முடியல. பாத்தீங்களா?”

பார்த்திருந்தேன். ராசகிளியின் முதுகு வளைந்தே நின்றுவிட்டிருந்தது.

“இன்னும் நாப்பது நாளும்மா. ஆனி முடிஞ்சா கொல்லை ஒங்களோடது.”

“நான் ஆடு இல்ல சார். அந்த மெஷினுக்கு அத சொல்லிக் குடுக்க ஒங்களுக்கு எம்மாம் நேரம் ஆவும்?”

“அரை நாள்.”

“அரை நாள் வேல. அத அஞ்சு வருஷமா செய்யாம வெச்சிருக்கீங்க.”

“ஒங்கம்மாதான் வேணாம்னாங்க.”

“எங்கம்மா படிக்காதவங்க. நீங்க படிச்சவருதான?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பெரிய உதவி செய்கிறவனிடம் இப்படிப் பேசுகிறாளே என்று. நாற்பது நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். அவளும் பொறுத்துக்கொண்டாள். மறுநாள் மற்றவர்களோடு குனிந்து உள்ளே வந்ததைத் திரையில் பார்த்தேன்.

பதினோரு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பத்திரண்டு.

கட்டுப்பாட்டு அறையில் நான், கர்னல், திரையைக் கவனிக்கும் நஸ்ரீன், வாசல் காவலர். கிடங்குக்குள் பழைய சரக்குப் பெட்டி ஒன்று தானாகச் சூடேறத் தொடங்கியிருந்தது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய சரக்கு. கையெழுத்துக்காக மூன்று மாதமாகக் காத்துக் கிடந்தது. அபாய மணி அடித்தது. மணி அடித்தால் மாதக் கணக்கு நின்றுவிடும், திரைக் கணக்கு மட்டும் ஓடும். எங்கள் அறைக் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. அந்த நேரத்தில் வெளியே ஓடுகிறவன்தான் முதலில் சாவான் என்று அந்தப் பூட்டை வைத்தவனும் நான்தான்.

திரையில் எழுத்துகள் வந்தன. வெடிக்க இன்னும் 70 நொடி. வடக்கு: ஆள் 62. மேற்கு: ஆள் 4. கிழக்கு: ஆள் 0, ஆடு 19. திறக்கும் சுவர்: கிழக்கு.

“சார்” என்றாள் நஸ்ரீன். “அது ஆடு இல்லையே சார்.”

நான் ஒலிபெருக்கியின் மைக்கைப் பிடுங்கினேன். வளையத்துக்குள் யாராவது நுழைந்தால் விரட்டுவதற்காகக் கம்பங்களில் வைத்த ஒலிபெருக்கி. அந்த நொடியில் என் மனதில் கள்ளம் இல்லை. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

“ராசகிளியக்கா! வெடிக்கப் போவுது! எல்லாரும் கரைக்கு ஓடுங்க! வாளியைப் போட்டுட்டு ஓடுங்க!”

கரை அவர்களில் பெரும்பாலோர் இருந்த இடத்திலிருந்து முந்நூறு மீட்டர். மண்ணைக் கொட்டி உயர்த்திய கரை, அதைத் தாண்டிப் படுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். நல்ல கால் உள்ளவர்கள் ஒரு நிமிடத்தில் ஓடிவிடுவார்கள். திரையில் பத்தொன்பது உருவங்களும் ஒரு கணம் உறைந்து நின்றன. பிறகு ஒன்று நிமிர்ந்தது. பச்சைத் தாவணி. வெண்ணிலா. அவள் நிமிர்ந்து ஓடத் தொடங்கியதும் அடுத்தடுத்து மற்றவர்களும் நிமிர்ந்தார்கள்.

கிழக்கு: ஆள் 1. ஆள் 3. ஆள் 4.

ஓடுங்க, ஓடுங்க என்று கத்திக்கொண்டேயிருந்தேன். அப்போது நஸ்ரீனின் கை என் முழங்கையைப் பிடித்தது. அவள் திரையைக் காட்டினாள்.

கிழக்கு: ஆள் 7. மேற்கு: ஆள் 4. திறக்கும் சுவர்: மேற்கு.

மேற்கு என்றால் நாங்கள்.

என் கட்டடம் சரியாக வேலை செய்தது. ஏழை விட நான்கு சிறியது. ஐந்து வருடமாக அது செய்யாமலிருந்த கணக்கை அந்த நொடியில் சரியாகப் போட்டது. அதற்கு மேல் நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் போதும். பத்தொன்பது பேரும் பிழைத்திருப்பார்கள், நாங்கள் நான்கு பேரும் எண்பது மீட்டரில் சாம்பலாகியிருப்போம். வெடிக்க இன்னும் 52 நொடி என்று காட்டியது.

“எடே மாறன்” என்றார் கர்னல். முப்பது வருடம் பட்டாளத்தில் இருந்த மனுஷன், குரல் கீச்சென்று வந்தது. “என்னமாவது செய்யி.”

செய்வதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. மனிதன் தொட்டு மாற்ற முடியாது என்று மார்தட்டிக்கொண்டவன் நான். எல்லா வழியையும் அடைத்திருந்தேன். என் கையில் மைக் மட்டும் இருந்தது.

நான் பயந்தேன். சாவதற்குப் பயந்தேன். வேறு எந்தப் பெயரும் அதற்குக் கிடையாது. குழந்தை முகம் நினைவுக்கு வந்தது, அது இதென்று சொல்லலாம். எதுவும் வரவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“குனிஞ்சிக்குங்க! ராசகிளியக்கா, எல்லாரையும் குனியச் சொல்லுங்க! குனிஞ்சே ஓடுங்க! நிமிராதீங்க!”

சொன்ன உடனேயே அவர்கள் கேட்டார்கள். ஐந்து வருடப் பழக்கம். உடம்பில் ஊறிப்போயிருந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓட்டத்தோடு மடங்கினார்கள். கை தரையைத் தொட, தடுமாறி, சருகில் வழுக்கி, எழுந்து, மறுபடி மடங்கி, நகர்ந்தார்கள். குனிந்துகொண்டு யாரால் வேகமாக ஓட முடியும்?

ஆள் 5. ஆள் 2. ஆள் 1.

அந்த ஒன்று வெண்ணிலா. அவள் மட்டும் நிமிர்ந்தே ஓடிக்கொண்டிருந்தாள். கரைக்கு இன்னும் பாதித் தூரம்கூட இல்லை. திறக்கும் சுவர்: கிழக்கு என்று மாறிவிட்டிருந்தது. ஒன்று நான்கை விடச் சிறியது. அவள் நிமிர்ந்து ஓடினாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. ஓடவிட்டிருக்கலாம். ஆனால் அவளைப் பார்த்து இன்னும் நான்கு பேர் நிமிர்ந்துவிட்டால்? நான் மறுபடி மைக்கில் கத்தினேன்.

“வெண்ணிலா! நீயும் குனிம்மா! குனி!”

அவள் நின்றாள். ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கரைக்குப் பக்கத்தில் அம்மா குனிந்து போவதைப் பார்த்தாள். பிறகு அவளும் குனிந்தாள்.

ஆள் 0. ஆடு 19.

மிச்சமிருந்த நொடிகளை நாங்கள் நான்கு பேரும் திரையைப் பார்த்தபடி கழித்தோம். பிறகு கிழக்குச் சுவர் திறந்தது. எங்கள் மேசை மேல் இருந்த தேநீர்க் கோப்பை கூடக் கவிழவில்லை. அவ்வளவு நல்ல வடிவமைப்பு.

எட்டுப் பேர் பிழைத்தார்கள், கரைக்கு அருகில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். பதினோரு பேர் செத்தார்கள்.

கதவுகள் திறந்து நாங்கள் வெளியே போவதற்குள் ஊர் ஆண்கள் வந்துவிட்டிருந்தார்கள். அழுதுகொண்டே, புகைக்குள் புகுந்து, கிடைத்ததையெல்லாம் வேட்டியிலும் சாக்கிலும் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குனிந்தேதான் ஓடினார்கள். வளையத்துக்குள் ஒரு பிணம் கிடந்தாலும் கொல்லை போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் அங்கே ஒரு வளையல் துண்டு கூட இல்லை. மதியம் விருத்தாசலம் சாலையில் ஒரு வேன் கவிழ்ந்து பதினோரு பெண்கள் இறந்ததாகக் கணக்கு எழுதப்பட்டது. வேனை யார் ஏற்பாடு செய்தார்கள் என்று கர்னலிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

விசாரணைக் குழு இரண்டு நாள் உட்கார்ந்தது. குழுத் தலைவர் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார். அந்தக் குரல் யாருடையது என்றே எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

“வளையத்துல ஆள் யாரும் இல்லைன்னு பதிவு சொல்லுது. நீங்க யார்கிட்ட பேசறீங்க?”

“யாராவது அத்துமீறி நுழைஞ்சிருக்கலாம்னு ஒரு முன்னெச்சரிக்கை சார்.”

“பேர் சொல்லிக் கூப்பிடறீங்களே?”

“ஆடு மேய்க்கிறவங்க, கரைக்கு அந்தப் பக்கம் இருப்பாங்க. தெரிஞ்சவங்க.”

“குனிஞ்சு ஓடச் சொன்னது ஏன்?”

நான் வாயைத் திறப்பதற்குள் நஸ்ரீன் பதில் சொன்னாள். “வெடிப்பு நேரத்துல உடம்பைத் தாழ்வா வெச்சுக்கணும் சார். பயிற்சிப் புத்தகத்துல இருக்கு.” அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

தலைவர் குறித்துக்கொண்டார். அறிக்கையில் உயிரிழந்தோர் இல்லை என்றும், கால்நடை இழப்பு பதினொன்று என்றும் இருந்தது. வடிவமைப்பு முழு வெற்றி, இதே முறையில் மேலும் ஒன்பது கிடங்குகள் கட்டலாம் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார்கள். அந்த ஒன்பதுக்கும் வரைபடத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். சம்பளம் வரும் அன்று கேள்வி நின்றுவிடுகிறது.

குனிந்தவர்களையும் ஆளாக எண்ண அந்த இயந்திரத்துக்கு நான் பிறகு சொல்லிக்கொடுத்தேன். அரை நாள் கூட ஆகவில்லை. இரண்டு மணி நேரம்தான்.

ஆனி கடைசி நாள் ஐந்து வருடக் கெடு முடிந்தது. மாதக் கணக்கில் கிழக்கே ஒரு ஆள் கூட ஏறியிருக்கவில்லை. கொல்லையைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவு வந்தது. பாதி மரம் கருகிப்போன கொல்லை. உத்தரவை வாங்க ராசகிளி வந்தார். கூட யாரும் இல்லை. இடது கை முழுக்கத் துணி சுற்றியிருந்தது. முதுகு வளைந்தே இருந்ததால் நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் முகம் என் மேசை விளிம்புக்கு நேராக வந்தது.

கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

“சார், ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்” என்றார். “ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்க. நான் சண்டைக்குப் போயிட்டேன். அந்த நேரத்துலயும் எங்க கொல்லைய நெனச்சு குனிஞ்சிக்குங்கன்னு கத்துனாரு அந்த மனுஷன். அவுரு இல்லன்னா எல்லாரும் நிமுந்து ஓடி ஆளுன்னு ஏறிப்போயிருக்கும். அத்தன பேரு செத்தும் கொல்லையும் போயிருந்தா இன்னா ஆவறது? செத்ததுங்களுக்கே அர்த்தமில்லாம போயிருக்கும்ல?”

அவர் என் கையைப் பிடித்து, உரிந்த விரல்களால் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை உருவிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

“என் பொண்ணுதான் சார் அடங்காம ஓடுனா. நான் குனி குனின்னு கூப்புடறேன், கேக்கல. கழுத, கம்பு கணக்கா நிமுந்து ஓடுறா. நீங்க பேரு சொல்லிக் கூப்புட்ட ஒடனே நின்னுட்டா. ஒங்க மேல அவளுக்குக் கோவம் இருந்துச்சு, தெரியும் எனக்கு. இருந்தும் நீங்க சொன்னதக் கேட்டா பாருங்க.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ராவெல்லாம் எனக்கு அதேதான் சார் ஓடுது. ஓடியிருந்தா கரைக்குப் போயிருப்பாளோன்னு. அப்பறம் மனச தேத்திக்கிறேன். நீங்க படிச்சவரு, ஒங்களுக்குத் தெரியாததா. சொல்லுங்க சார். அவ குனிஞ்சது சரிதான?”

அவருக்குத் தலையைத் தூக்கி என் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அந்த முதுகு விடவில்லை. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார்.

“சரிதான்க்கா” என்றேன். “அவ செஞ்சது ரொம்பச் சரி.”